அந்நிய வீட்டு மேசையில் நம் வீட்டுப் பிள்ளை!



2023 ஜூலையில் ஒரு நாள். இஷா தொழுதுவிட்டு வெளியே வருகிறேன். எங்கள் முஹல்லாவைச் சேர்ந்த ஜவுளி வியாபாரி ஒருவர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார். அவருடைய மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்திருந்தான். ஜெர்மனியில் ஓர் இயந்திரக் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. கைச்செலவுக்குப் பணம் தருகிறார்கள். எல்லாம் கூடி வந்துவிட்டது. ஒன்றுதான் இடிக்கிறது. கம்பெனி இருப்பது ஸ்டுட்கார்ட் நகரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அங்கே ஹாஸ்டல் கிடையாது. ஒரு ஜெர்மானியக் குடும்பத்தோடு, அவர்கள் வீட்டிலேயே, அவர்களில் ஒருவனாகத் தங்க வேண்டும்.

“ஹஜ்ரத், அனுப்பலாமா?”

நான் யோசிக்கவே இல்லை. “வேண்டாம் பாய்” என்றேன்.

பன்றி வேகும் சட்டி, மது பாட்டில், வீட்டுக்குள் நாய், வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள்... இத்தனையும் ஒரு நொடியில் என் கண் முன் வந்து நின்றன. இருபது ஆண்டுகளாக மிம்பரில் நின்று பேசுகிறவன் வாயில் வேறென்ன வரும்? எதையும் விசாரிக்காமல் சொன்ன பதில் அது. தவறான பதில். அதை இந்தப் பக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

பிள்ளையை அனுப்பி வைத்தது அவனுடைய உம்மா. “என் வாப்பா பன்னிரண்டு வயசுல கொழும்புக்குக் கப்பல் ஏறலையா? அப்ப எந்த ஹஜ்ரத்தைக் கேட்டாங்க?” என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்ததாம். வியாபாரி மறுநாள் இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். பதில்தான் இல்லை.

உண்மைதானே! சபர் என்பது நமக்குப் புதிதா? காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், கூத்தாநல்லூர்... எந்த ஊரை எடுத்தாலும் கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், சைகோன் என்று ஒரு பட்டியல் வரும். பத்துப் பன்னிரண்டு வயதில் கடைப் பையனாகப் போனவர்கள் கல்லாவுக்குக் கீழே படுத்து, கணக்கும் மொழியும் கற்று, முதலாளிகளாகத் திரும்பினார்கள். இன்று பட்டணத்துப் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப் என்று சொல்வதை நம் பாட்டன்மார் பெயர் வைக்காமலே செய்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது. அவர்கள் போனது நம்மவர் கடைக்கு. சட்டியில் வெந்தது நம் வீட்டுக் கறி. பக்கத்தில் படுத்திருந்தவன் பெரியம்மா மகன். நாடுதான் அந்நியம், கூரை நம்முடையது. அந்நியர் வீட்டுச் சமையலறைக்குள் போய், அவர்கள் மேசையில் உட்கார்ந்து, அவர்கள் குளியலறையில் உளூச் செய்யும் வாழ்க்கை நமக்குப் பழக்கமில்லாதது. அங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எதில் தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள்.

2023 அக்டோபர் முதல் தேதி வாக்கில் தம்பி போய்ச் சேர்ந்தான். வீட்டில் ஓய்வு பெற்ற கணவன் மனைவி இருவர் மட்டும். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டதால் ஓர் அறை காலியாக இருந்தது. (நான் பயந்த பெண் பிள்ளைகளுக்கு நாற்பது வயதாம்!)

முதல் இரவு. மேசை நடுவில் ஒரு பெரிய கிண்ணம். சூப்பில் மாவுப் பொட்டலங்கள் சதுரம் சதுரமாக மிதக்கின்றன. ஷ்வாபியர்கள் வாழும் அந்த வட்டாரத்தில் இதற்கு மவுல்டாஷன் என்று பெயர். உள்ளே கீரையும் அரைத்த இறைச்சியும் இருக்கும். பெரும்பாலும் பன்றி கலந்த இறைச்சி. இதைப் பற்றி அந்த ஊரிலேயே ஒரு கதை சொல்கிறார்கள். இறைச்சி கூடாத விரத நாட்களில் துறவிகள் கடவுளின் கண்ணில் படாதபடி இறைச்சியை மாவுக்குள் மறைத்துத் தின்றார்களாம். மனிதன் எந்த மதத்திலும் மனிதன்தான்!

தம்பிக்குச் சந்தேகம். இதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. “வயிறு சரியில்லை” என்றான். மறுநாள் பருப்பு. நம் ஊர்ப் பருப்பு போலவே இருந்ததில் சந்தோஷப்பட்டுக் கரண்டியைப் போட்டான். அதில் ஷ்பெக் துண்டு மிதந்தது. ஷ்பெக் என்றால் பன்றியின் கொழுப்புத் துண்டு. “மதியம் கம்பெனியில் நிறையச் சாப்பிட்டேன்” என்றான். மூன்றாம் நாள் இன்னொரு காரணம். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்றான். ஒன்பது நாள்!

இன்னொரு கொடுமையும் இதில் உண்டு. நம் வீட்டில் விருந்தாளி “போதும், போதும்” என்றால் அது மரியாதை. நாமும் விடாமல் இன்னொரு கரண்டி வைப்போம். மூன்றாவது முறை வற்புறுத்தினால்தான் அவர் சாப்பிடுவார். ஜெர்மானியரிடம் இந்தக் கணக்குச் செல்லாது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மறுபடி கேட்பதை அநாகரிகம் என்று நினைக்கிறார்கள். ஆகவே சாப்பிடக்கூடிய உருளைக்கிழங்கு மேசைக்கு வந்த நாளிலும், மரியாதைக்கு ஒரு தடவை “வேண்டாம்” என்ற தம்பிக்கு முன்னாலிருந்து கிண்ணம் போய்விட்டது. வாய்ச் சொல்லை அவர்கள் அப்படியே நம்பினார்கள். இவனோ வாய்ச் சொல்லை நம்ப மாட்டார்கள் என்று நம்பி ஏமாந்தான்.

பத்தாம் நாள், துவைத்த போர்வையை வைக்க அறைக்குள் போன அந்த அம்மா பிஸ்கட் உறைகளைப் பார்த்துவிட்டார். அன்று மாலை எதிரே வந்து உட்கார்ந்தார். என் சமையல் அவ்வளவு மோசமா? உனக்கு உடம்புக்கு ஏதாவதா? அல்லது எங்களைப் பிடிக்கவில்லையா? மூன்றே கேள்விகள். தம்பி அழுதுவிட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. இஸ்லாத்தின் மீது அல்ல, சகோதரர்களே! ஒன்பது நாள் ஒரு பிள்ளையைத் தன் கூரையின் கீழ் பட்டினி போட வைத்துவிட்டானே என்ற கோபம். “உன் தாய் கேட்டால் நான் என்ன சொல்வேன்?” என்று கேட்டாராம்.

மறுநாள் காலை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நீ சாப்பிடாதவற்றை எழுது என்று தலைப்பு. இவன் பன்றி, மது என்று இரண்டை எழுத, அவர் அதன் கீழே ஜெர்மன் வார்த்தைகளைத் தொடர்ந்து எழுதினார். ஷ்வைன் என்றால் பன்றி. ஷின்கன் அதன் தொடை இறைச்சி. ஷ்மால்ஸ் அதன் உருக்கிய கொழுப்பு. கெலாட்டினே என்று பொட்டலத்தில் இருந்தால் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுத்தது. ஆகவே ஆபீஸில் யாராவது ஹரிபோ மிட்டாயை நீட்டினாலும் எடுக்காதே. துருக்கியில் செய்த ஹலால் மிட்டாய் துருக்கிக் கடைகளில் கிடைக்கும் என்று அந்த அம்மாவே விசாரித்துச் சொன்னார். மதரஸாவில் ஏழு ஆண்டுகள் படித்த எனக்கு இந்தப் பட்டியல் தெரியாது! அறுபதைத் தாண்டிய ஒரு கிறிஸ்தவப் பெண்மணி நம் பிள்ளைக்கு ஹலால் ஹராம் பார்த்துக் கொடுத்தார்.

தனியாக ஒரு வாணலி வந்தது. முட்டை, மீன், காய்கறி, ரொட்டி தடையில்லை. சனிக்கிழமை ரயிலில் பக்கத்து டவுனுக்குப் போய்த் துருக்கிக் கசாப்புக் கடையில் இறைச்சி வாங்கி வந்தான். அந்த நாட்டில் மயக்கமூட்டாமல் அறுக்கச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. 2002 ஜனவரி 15 அன்று ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு துருக்கியக் கசாப்புக் கடைக்காரரின் வழக்கில், மார்க்கக் காரணத்துக்காக விதிவிலக்குக் கேட்க வழி உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஹலால் என்ற பலகையைப் பார்த்ததும் வாங்கிவிடாமல், எப்படி அறுத்தது என்று கேட்டு வாங்கு என்றேன். அதையும் வாய் திறந்துதான் கேட்க வேண்டும்!

அந்தப் பெரியவர் இரவுச் சாப்பாட்டோடு ஒரு பீர் குடிக்கிற பழக்கமுள்ளவர். மது இருக்கும் மேசையில் உட்காரலாமா என்று தம்பி எனக்குப் போன் செய்தான். என்னிடம் கேட்பது இருக்கட்டும், முதலில் அவரிடம் சொல் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு முடிந்த பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். டிசம்பர் குளிரில்!

இப்போது நாய் விஷயம். எங்கள் பகுதியில் ஷாபிஈ மத்ஹபு. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. வந்த அன்றே அந்த வீட்டு நாய் ஓடி வந்து இவன் கையை நக்கிவிட்டது. இவன் தோட்டத்துக்குப் போய் மண்ணை எடுத்துக் கையில் தேய்த்திருக்கிறான். அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, இது இந்திய வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். பிறகு விவரம் சொன்னதும் ஒரு ஏற்பாடு ஆனது. நாய் மாடிக்கு ஏறாது, இவன் அறைக்குள் வராது. ஆறு மாதமும் அந்த ஒப்பந்தத்தை மீறாதது நாய் ஒன்றுதான் என்று தம்பி இப்போதும் சொல்வான். மற்ற மூவரும் ஏதாவது ஒரு நாள் ஏதாவது ஒன்றை மறந்திருக்கிறார்கள்.

தவறு முழுக்க இவன் பக்கம் இருந்ததும் உண்டு. அங்கே கழிவறையில் காகிதம்தான், தண்ணீர் கிடையாது. இவன் கடையில் பூச்செடிக்கு ஊற்றும் சின்னப் பூவாளி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டான். அதுவரை சரி. ஆனால் பெரும்பாலும் அந்த வீடுகளின் குளியலறைத் தரையில் தண்ணீர் போகத் துவாரம் இருக்காது. குளிக்கிற இடத்தைத் தவிர மற்ற தரை காய்ந்தே இருக்க வேண்டும். நம் பிள்ளை ஐந்து வேளை உளூவுக்குக் காலைத் தூக்கி வாஷ்பேசினில் வைத்துக் கழுவ, தண்ணீர் தரையில் ஓடி, இரண்டு மாதத்தில் கீழே கூடத்துச் சுவரின் மேற்பகுதியில் ஈரம் கண்டது. பெரியவர் ஆளை வரவழைத்துச் செலவு செய்தார். இவன் பணம் கொடுக்கப் போனபோது பாதியை வாங்கிக்கொண்டார். முழுதும் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நமக்கு இனிப்பாக இருந்திருக்கும். பாதி வாங்கினாரே, அதுதான் இவனை வீட்டுப் பிள்ளையாக நடத்தியது என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு இவன் குளிக்கும் தொட்டிக்குள் நின்று உளூச் செய்தான், முடிந்ததும் தரையைத் துணியால் துடைத்தான்.

சுத்தத்தைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் நாம். அந்த வட்டாரத்தில் கேர்வோஹ என்று ஒன்று இருக்கிறது. கூட்டும் வாரம் என்று பொருள். பல குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு வீட்டாரின் முறை. மாடிப்படி, வாசல், வாசலுக்கு முன்னால் நடைபாதை எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாருடைய முறையோ அந்த வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கும். வாராவாரம் குப்பையை அகற்றும் கட்டளை 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஸ்டுட்கார்ட் நகரச் சட்டத்தில் இருந்ததாம். நம் தெருக்களில் மஸ்ஜிதின் மதிலை ஒட்டிக் கிடக்கும் குப்பைக்கு எந்த வீட்டின் முறை? யோசித்துப் பாருங்கள்.

தம்பி அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். குப்பையைப் பிரிப்பதையும் கற்றுக்கொண்டான். காகிதம் ஒன்றில், பிளாஸ்டிக் மஞ்சள் பையில், காய்கறித் தோல் வேறொன்றில். கண்ணாடியில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று மூன்று. அதையும் ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது, சத்தம் வரும்! ஞாயிறு ஓய்வு நாள் என்பதை 1919ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே எழுதி, 1949இல் வந்த சாசனத்திலும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கடைகள் அநேகமாக எல்லாமே மூடியிருக்கும். நம் வியாபாரிகளுக்கு இது விளங்குவது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைக் கல்லாவை மூடி வைத்தா ஒரு நாடு பணக்கார நாடாயிற்று?

கம்பெனி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கே மக்ரிப். ளுஹர், அஸர், மக்ரிப் மூன்றும் வேலை நேரத்துக்குள் வந்துவிடும். பயிற்சி கொடுத்த போர்மேன், எத்தனை நிமிடம் ஆகும் என்று மட்டும் கேட்டார். ஏழு நிமிடம் என்றான். முதலுதவி அறையின் சாவியைக் கொடுத்தார். ஒரு முறை இருபது நிமிடம் எடுத்துக்கொண்டதற்குத் திட்டும் வாங்கினான். ஏழு என்றால் ஏழுதான்! ஜும்ஆவுக்குப் போக வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்கு வந்தான். கை குலுக்கும் விஷயம், கிறிஸ்துமஸ் விஷயம் இவற்றையெல்லாம் தனியாக எழுத வேண்டும். அந்த வீட்டார் சர்ச்சுக்குப் போன இரவில் இவன் வீட்டிலிருந்தான், திரும்பி வந்து கம்பளிக் காலுறை கொடுத்தார்கள், வாங்கிக்கொள் என்றேன். இப்போதைக்கு அவ்வளவு போதும்.

ரமளானைத்தான் நிறையச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் நோன்பு வந்தது. அந்த மாதம் அங்கே சூரியன் மறைவது மாலை ஆறரையை ஒட்டி. ஜெர்மானியர் மாலைச் சாப்பாட்டுக்கு உட்காருவதும் அநேகமாக அந்த நேரம்தான்! ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஊறுகாய் போட்ட வெள்ளரி. அடுப்பு மூட்டாத சாப்பாடு அது. முதல் நாள் ஆறு மணிக்கு இருவரும் உட்கார்ந்தார்கள், இவன் பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். பெரியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் சூரியனைப் பார்த்து மாறியது. நாளுக்கு ஒன்றிரண்டு நிமிடம் தள்ளிக்கொண்டே போக, மூவரும் காத்திருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை இவன் அவர்களைத் துருக்கியர் மஸ்ஜிதில் நடந்த இஃப்தாருக்கு அழைத்துப் போனான். வரும் வழியில் பெரியவர் சொன்னதைத் தம்பி எனக்கு அன்றே போனில் சொன்னான். 1961 அக்டோபரில் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. ‘விருந்தினர் தொழிலாளி’ என்று பெயர் வைத்து, கம்பெனி கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். பெரியவர் அவர்களோடு ஒரே ஆலையில் வேலை பார்த்தவர். இத்தனை வருடத்தில் ஒரு துருக்கியரின் மேசையில் நான் உட்கார்ந்தது இதுவே முதல் முறை என்றாராம். 2020ஆம் ஆண்டு நிலவரப்படி ஜெர்மனியில் முஸ்லிம்கள் 53 முதல் 56 லட்சம் பேர் என்று அந்த அரசின் ஆய்வே சொல்கிறது. பக்கத்துத் தெருவில் அத்தனை பேர் இருந்தும், அந்தப் பெரியவரை நம்மவர் பந்தியில் உட்கார வைக்க நம் ஊரிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் போக வேண்டியிருந்தது!

இந்த ஏற்பாட்டின் பின்னால் அரசியல் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். இருக்கும். ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களால் ஆனது. இரண்டாம் போர் முடிந்ததும், 1947இல், மாணவர்களை அந்நிய நாட்டுக் குடும்பங்களில் தங்க வைக்கும் வேலையைத் தொடங்கியது. போரில் காயம்பட்டவர்களைத் தூக்கியவர்களுக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க அரசே, முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களைத் தன் நாட்டுக் குடும்பங்களில் ஓராண்டு தங்க வைக்கும் யெஸ் என்ற திட்டத்தை 2002இல் கொண்டுவந்தது. இந்தியாவும் அதில் உண்டு. அதே அரசு அடுத்த ஆண்டு ஈராக்கின் மீது குண்டு வீசியதையும் நாம் மறக்கவில்லை. அரசின் உள்நோக்கத்தை அரசிடம் கேட்போம். ஸஹருக்கு விழிக்கும் பிள்ளைக்காக இரவே ரொட்டியை எடுத்து மூடி வைக்கிற ஒரு கிழவியிடம் அந்தக் கணக்கைக் கேட்பது நியாயமா?

இதைப் படித்துவிட்டு நாளையே ஏஜெண்டிடம் ஓடிவிடாதீர்கள்! “ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப், குடும்பத்தோடு இலவசத் தங்கல்” என்று லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அதில் சிலர் கொடுப்பது பயிற்சியே அல்ல, ஓ பேர் என்ற வேறு ஏற்பாடு. அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மொழி கற்பது அது. அதில் தவறில்லை. ஆனால் அதற்கு விதி உண்டு. வயது 18க்குக் குறையாமலும், விண்ணப்பிக்கும்போது 27 ஆகாமலும் இருக்க வேண்டும். வேலை வாரத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாதம் 280 யூரோ கைச்செலவுக்கும், மொழி வகுப்புக்கு 70 யூரோவும் அந்தக் குடும்பம் தர வேண்டும். காப்பீடும் அவர்கள் செலவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், காலை முதல் இரவு வரை வீட்டு வேலை செய்துவிட்டு அழுதுகொண்டு திரும்பிய ஒரு பிள்ளையையும் எனக்குத் தெரியும். பயிற்சி என்றால் அது கல்லூரிப் படிப்போடு தொடர்புடையதா, பாடத்திட்டத்தில் கட்டாயமானதா என்று பாருங்கள். ஏனென்றால் 2015 முதல் அங்கே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இருக்கிறது. கட்டாயப் பயிற்சிக்கு அது பொருந்தாது, தானாக விரும்பிச் செய்யும் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் பொருந்தும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கிற வீட்டில் ஒரு இரவும் தங்காதீர்கள்.

வியாபாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த முஹாஜிர்களை நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளின் குடும்பங்களோடு ஒருவருக்கு ஒருவராகச் சேர்த்து வைத்ததை எல்லோரும் அறிவோம். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அதை வாங்காமல் துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று வழி கேட்டார்கள். வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் விற்று முன்னுக்கு வந்தார்கள். கொடுத்தவரின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். தங்க வந்தவர் தமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று முதல் நாளே வாய் திறந்து சொன்னதை எத்தனை பேர் கவனித்தோம்?

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தம்பி 2024 மார்ச் கடைசியில் ஊர் திரும்பினான். பெருநாளை இங்கே கொண்டாடினான். ஜெர்மன் மொழியில் அவர்களும் நம்மைப் போல நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். பெரியவராகப் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் சின்னவன் ‘நீ’ என்று பேசலாம். கிளம்பும்போது அந்த அம்மா அந்த அனுமதியைக் கொடுத்தாராம். இவனுக்கு இன்னும் வாய் வரவில்லை, நீங்கள் என்றுதான் போனில் பேசுகிறான்.

போன மாதம் அங்கிருந்து ஒரு செய்தி. அவர்களுடைய பேரன் பள்ளி முடித்திருக்கிறான். ஒரு மாதம் நம் ஊரில், ஒரு குடும்பத்தோடு தங்கிப் பார்க்க ஆசைப்படுகிறான். வியாபாரியின் வீடு சின்னது, கல்யாணமாகாத இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் மறுபடியும் என்னிடம் வந்தார். நான் ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத்தாரை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். யார் வீட்டில் இடம் இருக்கிறது?

நிறைய வீடுகளில் இடம் இருக்கிறது! வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் கட்டிப் பூட்டி வைத்த மாடிகள் எங்கள் தெருவில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் வந்த பதில்களைக் கேளுங்கள். அவன் என்ன சாப்பிடுவான்? குடிப்பானே? வயசுப் பெண்கள் இருக்கிற தெருவில் அரை டவுசரோடு நிற்பானே? நம் கழிவறையில் காகிதம் இல்லையே? ஒருவர் எழுந்து, சென்னையில் என் பெயரைச் சொன்னதும் வீடு இல்லை என்று ஆறு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள், நாம் மட்டும் ஏன் திறக்க வேண்டும் என்றார். அவர் வலி எனக்குத் தெரியும். இன்னொருவர் மெதுவாக, “முஸ்லிம் வீட்டுல வெளிநாட்டுக்காரன் தங்கியிருக்கான்னா மறுநாளே போலீஸ் வந்து நிக்காதா ஹஜ்ரத்?” என்றார். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கம்ப்யூட்டரிலேயே பதியலாம். பதிந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டால் வருகிறவர் வரட்டும். அதையும் சொன்னேன். கூட்டம் கலைந்தது.

2023 ஜூலையில் வியாபாரியிடம் நான் சொன்ன அதே “வேண்டாம்”, நாற்பது பேர் வாயிலிருந்து திரும்பி என்னிடமே வந்தது!

என் வீட்டு மாடியில் ஓர் அறை கிதாபுகளைப் போட்டு வைத்துக் கிடக்கிறது. வெளிப்புறமாகத் தனிப் படி உண்டு. மேல்நாட்டுக் கழிவறைதான் இல்லை. என் மனைவி கேட்டது, அவன் மீன் குழம்பு சாப்பிடுவானா என்ற ஒரே கேள்வி. தம்பியை விட்டு அந்த அம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன், அவன் சாப்பிடாதவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்பும்படி. கொத்தனார் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.